விலக்கினார்களா, விலகினாரா? ஊர்விலக்கு முதல் தக்ஃபீர் வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் குறைதீர் நாளுக்கு மனு எழுதுபவர்கள், செய்தி அனுப்பும் நிருபர்கள், கோவில், கத்தோலிக்கப் பங்கு, பள்ளிவாசல் ஜமாஅத் நிர்வாகத்தில் இருப்பவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதிய பக்கம் இது. மதத்தின் பேரிலோ ஊரின் பேரிலோ ஒருவரைத் தள்ளிவைப்பதைக் குறிக்கத் தமிழில் பல சொற்கள் புழங்குகின்றன. ஒன்றின் இடத்தில் இன்னொன்றை எழுதிவிட்டால் மனு தவறான மேசைக்குப் போய்ச் சேர்கிறது.

'விலக்கு' என்ற ஒரே சொல் எல்லாவற்றுக்கும் போதாதா?

போதாது. வரிவிலக்கு, மதுவிலக்கு, வீட்டுவிலக்கு என்று அந்தச் சொல் ஏற்கெனவே பல வேலை பார்க்கிறது. அடைமொழி இல்லாமல் 'விலக்கு' என்று மட்டும் எழுதினால் யார், யாரை, எதிலிருந்து என்ற மூன்று கேள்விக்கும் பதில் இராது. ஊர்விலக்கு என்றால் ஊர்ப் பஞ்சாயத்து செய்தது. சாதிவிலக்கு என்றால் சொந்தச் சாதியார் செய்தது. திருச்சபை விலக்கு என்றால் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டப்படி விழுந்த தண்டனை. ஜமாஅத் நீக்கம் என்றால் மஹல்லா (பள்ளிவாசல் வட்டார) நிர்வாகம் பதிவேட்டிலிருந்து பெயரை அடித்தது.

எழுத்தையும் கவனியுங்கள். 'ஊர்விளக்கு' என்று ளகரம் போட்டுக் கணினி மையங்களில் அச்சான மனுக்கள் ஏராளம். அப்படி எழுதினால் அது தெருவிளக்கு எரியவில்லை என்ற புகார் போலாகிவிடும்.

விலக்கினார்கள், விலகினார்: ஒரு 'க்'கில் என்ன பெரிய வித்தியாசம்?

முழு வித்தியாசமும் அந்த ஒற்றில்தான் இருக்கிறது. விலகு, நீங்கு, ஒதுங்கு ஆகியவை தன்வினை. விலக்கு, நீக்கு, ஒதுக்கு ஆகியவை பிறவினை. முன்னதில் செய்தவரும் அவரே, போனவரும் அவரே. பின்னதில் செய்தவர் வேறு யாரோ.

ஊர்க்கூட்டத் தீர்மானப் புத்தகங்களில் 'விலக்கினோம்' என்ற சொல்லை அநேகமாகப் பார்க்க முடியாது. 'மேற்படியார் ஊர்க் கட்டுப்பாட்டுக்கு உட்படாமல் தாமாகவே விலகிக்கொண்டபடியால்' என்ற வாய்பாடுதான் இருக்கும். கீழே வரிசையாகக் கையெழுத்தும் கைநாட்டும் இருக்கும். பின்னாளில் தாசில்தார் கேட்டால், "நாங்க யாரையும் தள்ளலைங்க, அவங்களே வரதில்லைங்க" என்று சொல்ல அந்த ஒரு தன்வினை போதும்.

பாதிக்கப்பட்டவரே சில சமயம் தெரியாமல் இதற்குத் துணைபோகிறார். "மூணு வருஷமா ஊரோட ஒதுங்கி இருக்கோம்" என்பது வாய்ப்பேச்சில் சரி. மனுவிலும் அப்படியே ஏறினால், தானே ஒதுங்கியதாக ஒப்புக்கொண்ட வாக்குமூலமாகிவிடும். மனுவில் எழுவாய் இருக்க வேண்டும். அந்த எழுவாய் ஆட்களின் பெயராக இருக்க வேண்டும். 'ஊர் எங்களை விலக்கியது' என்றால் ஊரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த முடியாது. 'இன்ன தேதிக் கூட்டத்தில் தலைவர் இன்னார், பொருளாளர் இன்னார், பஞ்சாயத்தார் இன்னின்னார் எங்களை விலக்கிவைத்தனர்' என்று எழுத வேண்டும்.

ஊர்விலக்கு நடைமுறையில் எப்படி இருக்கும்?

பேச்சுவழக்கில் 'தள்ளி வெச்சிட்டாங்க', 'கட்டுப்பாடு போட்டுட்டாங்க' என்பார்கள். அறிவிப்பு ஒலிபெருக்கியில் வரலாம், வாட்ஸ்ஆப் குழுவில் வரலாம், ஒன்றுமே வராமலும் போகலாம். அறிவிப்பே இல்லாத இடத்தில் முதல் அடையாளம் வரி. கோவில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி (குடும்பக் கணக்கில் போடும் வரி) வசூலிக்க வருபவர்கள் ஒரு வீட்டை மட்டும் தாண்டிப் போவார்கள். கொண்டுபோய்க் கொடுத்தாலும் பொருளாளர் வாங்க மாட்டார். வரி என்பது இங்கே பணத்தைவிடப் பெரிய விஷயம். வரிப் புத்தகத்தில் பெயர் இருக்கிற தலைக்கட்டுக்குத்தான் ஊரில் பங்கும் பேச்சும் உண்டு.

அடுத்தடுத்து மற்றவை நிற்கும். நல்லது கெட்டதுக்கு யாரும் போகக்கூடாது, பேசினால் பேசியவருக்கும் தண்டம். மளிகைக் கடை, டீக்கடை, சலூன் மறுக்கும். வயல் பக்கத்தில் நடவுக்கு ஆள் வராது. கடலோரத்தில் படகில் ஆள் ஏறாது, கொண்டுவந்த மீன் ஏலத்தில் கூறப்படாது, ஊர்ப் பொதுவருமானத்தில் பங்கு நிற்கும். நாள் கணக்கில் கெட்டுப்போகும் பொருளை நம்பிப் பிழைப்பதால், கடலோரக் குடும்பம் வயல்காரக் குடும்பத்தைவிடச் சீக்கிரமே மண்டியிட நேர்கிறது.

காரணம் மதமாக இருக்க வேண்டியதில்லை. காதல் கல்யாணம், சொத்துத் தகராறு, தேர்தல், கோவில் கணக்குக் கேட்டது, போலீசுக்குப் போனது என்று எதுவாகவும் இருக்கும். ஆனால் கருவி மதம்தான். கோவில் வரி, காப்புக் கட்டு, தேர், அடக்கம் ஆகியவற்றின் வழியாகத்தான் அடிக்கிறார்கள். அதனால்தான் இதை 'ஏதோ ஊர்த் தகராறு' என்று ஒதுக்கிவிடக் கூடாது என்கிறோம்.

பிரஷ்டம், பதிதன் என்ற பழைய சொற்கள் எதைச் சொல்கின்றன?

இரண்டும் வடசொல். இரண்டுக்கும் வேர்ப்பொருள் 'விழுந்தது'. சாதிப்பிரஷ்டன் என்றால் சாதியிலிருந்து விழுந்தவன். தள்ளியவர் யார் என்பது இங்கும் காணாமல் போகிறது என்பதைக் கவனியுங்கள். இன்றைய எழுத்தில் இவற்றைப் பழைய ஆவணத்தை மேற்கோள் காட்டும்போது மட்டும் பயன்படுத்துவது நல்லது.

பாசண்டம், புறச்சமயம் என்பவையும் விலக்குச் சொற்களா?

பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் இவை கொள்கையைக் குறிக்கும் சொற்கள். ஆளைத் தள்ளும் சொற்கள் அல்ல.

பாசண்டம் என்ற சொல் வழிமாறிய விதம் சுவையானது. அசோகர் கல்வெட்டுகளில் அது எந்தச் சமயப் பிரிவையும் இழிவின்றிக் குறித்தது. பிற்கால வடமொழித் தரும நூல்களில் வேதத்துக்குப் புறம்பானவர் என்ற வசையானது. நம் பூம்புகாரிலோ அது கடவுளின் பெயரோடு சேர்ந்து நிற்கிறது. சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்தில் கோட்டம் கொண்ட தெய்வம் பாசண்டச் சாத்தன். பல சமயச் சாத்திரங்களில் வல்லவன் என்பதால் வந்த பெயர் என்பது உரை. பிற்காலப் பாஷாண்டி என்ற வசையை அந்த இடத்தில் ஏற்றிப் படித்தால் பொருள் பாழாகும்.

புறச்சமயம் சைவ சித்தாந்தத்தின் வகைப்பாடு. புறப்புறம், புறம், அகப்புறம், அகம் என்று நான்கு அடுக்கு, ஒவ்வொன்றிலும் ஆறு. உலகாயதம், பௌத்தத்தின் நான்கு பிரிவுகள், சமணம் ஆகியவை புறப்புறம். சாங்கியம், யோகம், மீமாஞ்சை போன்றவை புறம். சைவத்துக்கு எவ்வளவு அருகில், எவ்வளவு தள்ளி என்று கொள்கைகளை அளக்கும் கோல் இது. ஒருவரோடு அன்னம் தண்ணீர் புழங்கலாமா என்பதை இது சொல்லவில்லை. இந்த அடுக்கு சாத்திரமாக வகுக்கப்படுவதற்கு முன்பே, தஞ்சையில் பெரிய கோவில் கட்டிய முதலாம் இராசராசன் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரை என்ற பௌத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் ஊரைக் கொடுத்தான். கொள்கையால் புறம்பு என்பதும், ஊரால் புறம்பு என்பதும் வேறு வேறு.

கத்தோலிக்கத் திருச்சபை விலக்கு என்றால் என்ன? பங்குச்சாமியார் செய்ய முடியுமா?

முடியாது. விலக்கை விதிக்கவோ அறிவிக்கவோ ஆயர் (பிஷப்) நிலையில் உள்ள அதிகாரியோ திருச்சபை நீதிமன்றமோ வேண்டும். இங்கே பெரும்பாலான பங்குகளுக்கு அது தஞ்சாவூர் அல்லது கும்பகோணம் மறைமாவட்டம்.

1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1331-ஆம் சட்டம் விளைவுகளைச் சொல்கிறது. விலக்கப்பட்டவர் திருவருட்சாதனங்களை (நற்கருணை, பாவமன்னிப்பு போன்றவை) பெறவோ நிறைவேற்றவோ கூடாது. திருச்சபைப் பதவிகளை வகிக்கக் கூடாது. ஆனால் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) அழிவதில்லை. அவர் கோவிலுக்குள் வந்து திருப்பலியில் உட்காரலாம். இது திருத்துவதற்கான தண்டனை என்பதே சட்டத்தின் கண்ணோட்டம். அதனால் விதிப்பதற்கு முன் ஒருமுறையாவது எச்சரித்து, மனம் மாற அவகாசம் தர வேண்டும் (1347). சாகும் தறுவாயில் எந்தக் குருவும் பாவமன்னிப்பு அளித்து விடுவிக்கலாம்.

சில குற்றங்களுக்குத் தீர்ப்பு இல்லாமலே தண்டனை தானாக விழும். விசுவாசத்தைத் துறப்பது, தப்பறை (விசுவாசக் கோட்பாட்டை மறுப்பது), பிரிவினை மூன்றும் 1364-ஆம் சட்டப்படி அந்த வகை. தானாக விழாத தண்டனைக்கு எழுத்தில் ஆணை வேண்டும். ஆணை கைக்கு வந்தால் காலக்கெடு குறுகியது. ஆணையிட்டவரிடமே மறுபரிசீலனை கேட்கப் பத்து நாள். அதற்கும் மேலே முறையிடப் பதினைந்து நாள். முறையீடு நிலுவையில் இருக்கும்வரை தண்டனை நிறுத்திவைக்கப்படும் (1353). பங்கு மக்களில் பெரும்பாலோருக்கு இந்தக் கடைசி விதி தெரியாததால், தவணை ஓடிப்போய்விடுகிறது.

இனி அடிக்கடி நடக்கிற குழப்பம். கத்தோலிக்க ஊரில் தேர்த் திருவிழா வரித் தகராறில் ஊர் நாட்டாமைகள் ஒரு குடும்பத்தைத் தள்ளிவைப்பார்கள். "சர்ச்சை விட்டு விலக்கிட்டாங்க" என்று செய்தி வரும். அது ஊர்விலக்கு. திருச்சபை விலக்கு அங்கே நடக்கவே இல்லை. தகுந்த மனநிலையோடு கேட்டு வருபவருக்கு, சட்டத்தடை இல்லாதபோது, திருவருட்சாதனத்தை மறுக்கக் கூடாது என்று 843-ஆம் சட்டம் குருக்களைக் கட்டுகிறது. ஆகவே ஊருக்கு எதிரான புகார் கோட்டாட்சியருக்கு. நாட்டாமைகளுக்குப் பயந்து ஞானஸ்நானத்தையோ அடக்கத்தையோ பங்கு மறுத்தால், அந்தப் புகார் ஆயருக்கு. இரண்டையும் ஒரே தாளில் எழுதாதீர்கள்.

மற்றச் சபைகளில் 'புறம்பாக்குதல்' என்கிறார்களே?

விவிலியத் தமிழின் சொல் அது. யோவான் 9-ஆம் அதிகாரத்தில் பார்வை பெற்றவனின் கதையில் ஜெப ஆலயத்துக்குப் 'புறம்பாக்குதல்' வருகிறது. 1706-இல் சீகன்பால்க் தரங்கம்பாடியில் இறங்கியது முதல் இந்தக் கரையில் சீர்திருத்தக் கிறிஸ்தவத் தமிழ் வளர்ந்தது. லுத்தரன் சபையார் வீடுகளில் புறம்பாக்குதல், சபை ஒழுங்கு, திருவிருந்திலிருந்து நிறுத்திவைத்தல் என்றெல்லாம் சாதாரணமாகச் சொல்வார்கள். வழிமுறை மத்தேயு 18-இல் இருந்து எடுத்தது: முதலில் தனியே பேசு, பிறகு இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போ, கடைசியில் சபைக்குச் சொல். முதல் இரண்டு படியையும் தாண்டி நேரே மூன்றாவதில் குதிப்பதுதான் வழக்கமான தவறு.

அனாத்தேமா என்ற கிரேக்கச் சொல் தமிழ் விவிலியத்தில் 'சபிக்கப்பட்டவன்' என்று வரும். அது கண்டனம். உறுப்பினர் பதிவேட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

காஃபிர், முர்தத், தக்ஃபீர், ஜமாஅத் நீக்கம்: இவற்றை எப்படிப் பிரிப்பது?

காஃபிர் என்றால் இஸ்லாமிய நம்பிக்கையை ஏற்காதவர். முர்தத் என்றால் ஏற்றுப் பின் துறந்தவர். தக்ஃபீர் ஒரு செயலின் பெயர்: முஸ்லிம் என்று சொல்லிக்கொள்கிற ஒருவரைப் பார்த்து 'நீ காஃபிர்' என்று தீர்ப்பளிப்பது. 'இன்ன கொள்கை நிராகரிப்பு' என்று பொதுவாகச் சொல்வதையும் 'இன்ன ஆள் நிராகரிப்பாளர்' என்று குறிவைத்துச் சொல்வதையும் மார்க்க அறிஞர்கள் பிரித்தே வைத்திருக்கிறார்கள். இரண்டாவதற்கு அறியாமை, நிர்ப்பந்தம், தவறான விளக்கம் போன்ற தடைகள் இல்லையென்று உறுதியாக வேண்டும். தன் சகோதரனைக் காஃபிர் என்று ஒருவன் அழைத்தால், அந்தச் சொல் இருவரில் ஒருவர்மேல் திரும்பும் என்ற நபிமொழி புகாரி, முஸ்லிம் இரு தொகுப்பிலும் உண்டு. தெருமுனை மேடையில் எளிதாக வீசக்கூடிய சொல் அல்ல அது.

ஜமாஅத் நீக்கம் வேறு. சந்தாப் புத்தகத்தில் பெயரை அடிப்பது, நிகாஹ் தஃப்தர் (திருமணப் பதிவேடு) தர மறுப்பது, மையத்தை (இறந்தவர் உடலை) மையவாடியில் (அடக்கத்தலத்தில்) அடக்க மறுப்பது என்று அது வரும். நீக்கப்பட்டவர் மார்க்கத்தை விட்டுப் போனதாக அதற்குப் பொருளே இல்லை. நாகூர், கூத்தாநல்லூர் பக்கத்துச் செய்தி எழுதுபவர்கள் 'மதத்தை விட்டு நீக்கம்' என்று தலைப்புப் போட்டால், நிர்வாகிகள் செய்யாத ஒன்றை அவர்கள்மேல் ஏற்றி, செய்த ஒன்றை மறைத்ததாகும். பள்ளிவாசலும் மையவாடியும் வக்ஃபு சொத்தாகப் பதிவாகியிருந்தால் தமிழ்நாடு வக்ஃபு வாரியத்தில் முறையிடலாம்.

மதத்தலைவர் ஒருவரை விலக்குவதற்குச் சட்டத்தில் தடை உண்டா?

பம்பாய் மாகாணம் 1949-இல் சமய விலக்கையே தடைசெய்து சட்டம் போட்டது. முஸ்லிம்களில் ஒரு பிரிவான தாவூதி போரா சமூகத்தின் தலைவர் சையத்னா தாஹிர் சைஃபுத்தீன் எதிர்த்து வழக்குத் தொடர்ந்தார். 1962-இல் உச்ச நீதிமன்றம் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. சமய ஒழுங்குக்காக விலக்குவது அரசியலமைப்பின் 26-ஆம் உறுப்பு தரும் உரிமைக்குள் அடங்கும் என்றது. மாறுபட்ட ஒருவர் தலைமை நீதிபதி பி.பி. சின்ஹா. அந்தத் தீர்ப்பு சரியா என்ற கேள்வியை 2023 பிப்ரவரியில் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பியது.

ஊர்ப் பஞ்சாயத்தார் சிலர் இந்தத் தீர்ப்பைக் காட்டி மிரட்டுகிறார்கள். அது சமயப் பிரிவின் தலைவர் சமயக் காரணத்துக்காக விலக்குவது பற்றியது. டீக்கடையில் டீ கொடுக்காதே என்று கட்டளையிட அது யாருக்கும் உரிமை தரவில்லை.

தமிழ்நாட்டில் எந்தச் சட்டத்தைப் பிடிப்பது?

மகாராஷ்டிரத்தில் 2016-ஆம் ஆண்டுச் சமூகப் புறக்கணிப்புத் தடைச் சட்டம் இருக்கிறது. அதுபோலத் தனிச் சட்டம் இங்கே இல்லை. இருப்பதைக் கொண்டுதான் வேலை பார்க்க வேண்டும்.

பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியாகவும், விலக்கியவர் அவ்வாறு அல்லாதவராகவும் இருந்தால், 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(இசட்சி) பிரிவு. 2016 முதல் நடைமுறையில் உள்ள இந்தப் பிரிவு, சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பை விதிப்பதோடு, விதிப்பேன் என்று மிரட்டுவதையும் குற்றமாக்குகிறது; ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. விசாரிப்பவர் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையக் கூடாது. மதம் மாறிய தலித் கிறிஸ்தவருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. பட்டியல் சாதித் தகுதி இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தவருக்கு மட்டுமே.

பலருக்குத் தெரியாத இன்னொன்று 1955-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 7(2). தீண்டாமை பார்க்க மறுத்ததற்காக ஒருவரை அவருடைய சொந்தச் சமூகமே விலக்கினால், அதில் பங்கெடுத்தவருக்கு ஒன்று முதல் ஆறு மாதம் வரை சிறை. விலக்கப்பட்டவர் பட்டியல் சாதியாக இருக்க வேண்டியதில்லை. பட்டியல் சாதிக் குடும்பத்தின் துக்கத்துக்குப் போய் உட்கார்ந்ததற்காகத் தள்ளிவைக்கப்பட்ட இடைச்சாதிக்காரருக்குச் சரியான பிரிவு இதுதான். காவல் நிலையத்தில் இதை நீங்களே எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

மற்றவர்களுக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் (இப்போதைய தண்டனைச் சட்டம்) பொதுப் பிரிவுகள்: மிரட்டித் தண்டம் வாங்கினால் 308, மிரட்டலுக்கு 351, வழிமறித்தால் 126.

மனுவை எப்படி எழுதுவது? எங்கே தவறுகிறது?

முதலில் சான்று. பழைய ஆண்டுகளின் கோவில் வரி ரசீதுகளை எடுத்துவையுங்கள். இத்தனை ஆண்டு ஊரில் இருந்தீர்கள் என்பதற்கு அதுவே ஆதாரம். இந்த ஆண்டு வரியைப் பொருளாளர் பெயருக்கு மணியார்டர் அனுப்புங்கள். 'வாங்க மறுத்தார்' என்ற தபால்காரர் குறிப்போடு அது திரும்பி வந்தால், 'அவங்களே விலகிட்டாங்க' என்ற வாதம் அந்தச் சீட்டிலேயே உடைந்துவிடும். ஒலிப்பதிவு இருந்தால் பதிவான கைப்பேசியை விற்காமல், அழிக்காமல் வையுங்கள். நீதிமன்றத்தில் மின்னணுப் பதிவுக்கான, பாரதிய சாட்சிய அதினியம் (இப்போதைய சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் கேட்பார்கள்.

மனுவில் அறிவிப்பு வந்த நாள், இடம், சொன்னவர், சொன்ன வார்த்தை (வாய்மொழி அப்படியே), கேட்டவர்கள், என்னென்ன எந்தத் தேதியில் நின்றது, கேட்ட தண்டம் எவ்வளவு என்று ஒழுங்காக வரட்டும். குழந்தையைப் பள்ளி வேனில் ஏற்றவில்லை என்றால் அதற்குத் தனி வரி. காவல் நிலையத்தில் கொடுத்து, புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். முதல் தகவல் அறிக்கை போடாவிட்டால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173(4)-இன்படி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில், அதன்பிறகு நடுவர் நீதிமன்றத்துக்கு. கூடவே திங்கட்கிழமைக் குறைதீர் நாளில் ஆட்சியரிடம் நகல். வக்கீல் வைக்க வசதியில்லையென்றால் இலவச சட்ட உதவி எண் 15100.

அதிகம் தவறுவது அமைதிப் பேச்சுவார்த்தையில்தான். வட்டாட்சியர் அலுவலகத்தில் இரு தரப்பையும் உட்காரவைத்து, 'சமாதானமாகப் போகிறோம்' என்று ஒரு வரியில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். வெளியே வந்தால் எதுவும் மாறியிருக்காது. கையிலிருந்த புகாரோ முடிந்துபோனதாகப் பதிவாகியிருக்கும்.

கல்யாணமோ சாவோ வந்துவிட்டால்?

இரண்டும் காத்திருக்காது. ஊரோ ஐயரோ வராததால் இந்துத் திருமணம் நிற்காது. 1967-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருத்தத்தின்படி (7-ஏ) உறவினர், நண்பர் முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றி, அல்லது தாலி கட்டி முடிக்கலாம். மதம் மாறிய இணைக்கும், தஃப்தர் மறுக்கப்பட்டவருக்கும் 1954-ஆம் ஆண்டுத் தனித் திருமணச் சட்டம் உண்டு; முப்பது நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பதால் முன்கூட்டியே கிளம்புங்கள்.

சாவு வீட்டில் முதல் போன் காவல் நிலையத்துக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும். புறம்போக்கில் உள்ள மயானம் ஊராட்சியின் பொறுப்பு, பஞ்சாயத்தார் சொத்து அல்ல. பாதையை மறித்தால் மறித்தவர் பெயரோடு புகார்.

தண்டம் கட்டித் திரும்பச் சேர்ந்துகொள்ளலாமா?

பிள்ளைகளை வைத்துக்கொண்டு எத்தனை நாள் தாக்குப்பிடிப்பது என்று கட்டிவிடுபவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை. கட்டுவதானால் ரசீது இல்லாமல் கட்டாதீர்கள். 'கோவில் நன்கொடை' என்று எழுதிய ரசீதை வாங்காதீர்கள். காலில் விழச் சொல்வதையும், மன்னிப்புக் கடிதம் கேட்பதையும் மறுக்கலாம்.

சமாதானம் பேசுவதானால் கேட்க வேண்டியவை இவை. தீர்மானப் புத்தகத்தில் 'இன்ன தேதியில் நாங்கள் விலக்கிவைத்ததை ரத்து செய்கிறோம்' என்று பிறவினையில் எழுதிப் பஞ்சாயத்தார் கையெழுத்திட வேண்டும்; 'அவர்கள் திரும்ப வந்தார்கள்' என்று எழுதினால் ஏற்காதீர்கள். எந்த வழியில் அறிவித்தார்களோ அதே ஒலிபெருக்கியில், அதே வாட்ஸ்ஆப் குழுவில் ரத்தையும் அறிவிக்க வேண்டும். தலைக்கட்டு வரிப் புத்தகத்தில் பெயர் மறுபடி ஏறி, விடுபட்ட ஆண்டுகளுக்கும் சேர்த்து ரசீது கைக்கு வந்த பிறகு, வட்டாட்சியர் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடுங்கள்.